சொல்லக் கூடாத பதில்

வக்கீல் சார்,

உங்கள் ஜூனியர் இன்று காலை என் கிளினிக்கிற்கு வந்து கேஸ் கட்டை மேஜைமேல் வைத்தார். பிரித்ததும் உங்கள் மூக்குப்பொடி வாசனை. தும்மினேன், அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. நீங்கள் போய் ஒரு மழைக்காலம் ஆகிவிட்டது, உங்கள் பொடி மட்டும் இன்னும் வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறது.

சிவாஜிநகரில் உங்கள் ஆபீஸ் பெஞ்சில் என்னோடு யார் யார் உட்கார்ந்திருப்பார்கள்! சுவர் இடிந்த வழக்கில் ஒரு இன்ஜினியர், கணக்கில் கோட்டைவிட்ட ஒரு ஆடிட்டர், ஊசி போட்ட நான். "எல்லாரும் படிச்சவங்க. வாயை மூடத் தெரியாமதான் இங்க வர்றீங்க" என்று சிரிப்பீர்கள். எனக்கும் அதே பூட்டைத்தான் போட்டீர்கள்.

பென்சிலின் போட்ட சிறிது நேரத்தில் பக்கத்துத் தெரு டெய்லர் என் கண்முன்னே இறந்துபோனார். மாற்று மருந்து கொடுத்தும் காப்பாற்ற முடியவில்லை. மார்க்கெட்டுக்குப் போயிருந்த அவர் மனைவி ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் அண்ணன் அவளைக் கையெழுத்துப் போடவைத்து நஷ்டஈட்டு வழக்குத் தொடுத்தார். என்மேல் தவறில்லை என்று தீர்ப்பு வாங்கித் தந்தீர்கள். அவர்கள் அப்பீல் போனார்கள்.

காக்ஸ் டவுனில் அவளுக்கும் எனக்கும் ஒரே சர்ச். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் படியில் வழிமறித்தாள். "கேஸு எங்க அண்ணன் பாடு. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க டாக்டரம்மா. கடைசியா அவரு என்னைத் தேடுனாரா?" நான் பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டு விலகி நடந்தேன்.

நேரே உங்களிடம் வந்து கத்தினேன். "அவர் பேசினார்னு சொன்னா, எவ்வளவு நேரம் பேசினார், அதுவரைக்கும் நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு எதிர்த்தரப்பு பிடிச்சுக்கும். அப்பீல் முடியட்டும் டாக்டர்" என்றீர்கள். உங்கள்மேல் அத்தனை கோபம் எனக்கு. பிறகு, உங்கள் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த என்னிடம் நீங்களே, "அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டீர்கள்.

"நீங்கதானே சார் வேண்டாம்னீங்க?"

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள்.

இன்று ஜூனியரிடம் மன்றாடிப் பார்த்தேன். "வாய்தா தள்ளிப் போயிருக்கு மேடம். அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசிடாதீங்க" என்கிறார். உங்களிடம்தானே தொழில் கற்றார்!

வக்கீலிடம் சொன்னதைக் கோர்ட்டே கேட்டாலும் வாங்க முடியாது என்பீர்கள். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். தேடினார் சார். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, வாசலையே பார்த்தபடி, "தெரேசா வந்துட்டாளா?" என்று கேட்டார்.

நாளை ஞாயிற்றுக்கிழமை.