முனியம்மாவின் கைநாட்டு

1931 மே 4, திங்கள்.

படுத்தவன் எழுந்துவிட்டேன். எழுதினாலாவது மனம் அடங்குமா, பார்க்கலாம்.

அடுகோடிப் பேட்டைக் குழாயடியில் காலையில் மேரி, தன் பக்கத்து வீட்டு முனியம்மாவின் மண்டையைக் குடத்தால் உடைத்துவிட்டாள். பதினைந்து நாளாக அங்கே அரை மணி நேரம்தான் தண்ணீர். அதற்குள் இது மூன்றாவது அடிதடி. ஸ்டேஷன் ரைட்டர் நான். முனியம்மாவின் வாக்குமூலத்தில், தண்ணீர்ப் பஞ்சமே காரணம் என்று எழுதினேன்.

இன்ஸ்பெக்டர் அந்த வரியை அடித்தார். "குழாயைப் புடிச்சு லாக்கப்புல போடுவியா? முன்விரோதம்னு எழுதுய்யா."

வேறு தாளில் அப்படியே எழுதினேன்.

தலைக்கட்டோடு முனியம்மா எதிரில் நின்றாள். "அவளை வுட்டுடச் சொல்லு சாமி. எம் புள்ளைக்கு அம்மை போட்டப்ப ராவெல்லாம் குந்திக்கினு பாத்துக்கினவ அவதான். குடம் நெறைஞ்சிருந்தா அடிச்சிருப்பாளா?"

எழுதியதைப் படித்துக்காட்ட வேண்டும் என்பது விதி. படித்துக்காட்டினேன். முன்விரோதம் என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டேன்.

கட்டைவிரலை மையில் தோய்த்து, தாளில் அழுத்தமாக வைத்தாள்.

"இப்ப வுட்டுடுவாங்க இல்ல, சாமி?"

"ம்" என்றேன்.