அவவுக்குச் சொன்னவையோ?

இன்று காலை தபாலில் எங்கள் பாலியல் சுகாதார மருத்துவச் சஞ்சிகையின் புது இதழ் வந்தது. பொதியைப் பிரித்ததும் அச்சு மையின் மணம். நீர் இருந்திருந்தால் முதலில் எழுத்துப்பிழை தேடியிருப்பீர். நானும் தேடினேன். கிடைத்தது.

நாம் அதற்கு ஆசிரியர்களாக இருந்தது ஒரேயொரு வருடம். நீர் பாலியல் நோய்க் கிளினிக்கில் வைத்தியர், நான் ஆய்வுகூடத்தில். ஒன்றாகப் படித்தவர்கள் என்பதால் இருவரையும் சேர்த்துப் போட்டார்கள். உடுவிலில் உமது வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். சஞ்சிகையின் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்ட அச்சகக்காரர், "டொக்டர்மாரின்ரை புத்தகம்" என்றே கடைசிவரை சொன்னார்.

அந்த வருடம் ஒரு மூத்த நிபுணரின் கட்டுரை வந்தது. கணவனிடமிருந்து சிபிலிஸ் தொற்றி, ஏழாம் மாதத்தில் பிள்ளை இறந்து பிறந்த ஒரு பெண்ணைப் பற்றியது. பெயர் இல்லை. ஆனால் காங்கேசன்துறைப் பக்கம், கணவனுக்குக் கப்பலில் வேலை, மனைவி தையல் என்று மற்ற எல்லாம் இருந்தது.

"ஊரிலை ஒருத்தர் வாசிச்சாலும் ஆளைப் பிடிச்சிடுவினம். அவவிட்டைக் கேட்டவையோ?" என்றீர்.

"புருஷன் ஓமெண்டு சொல்லியிருக்கிறாராம்."

"நான் கேட்டது அவவை."

நிபுணருக்கு அறிவித்துவிட்டு, அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னீர். நானும் அறையில் இருக்கலாமா என்று அவவிடம் கேட்டபிறகே கதவைச் சாத்தினீர். அவவின் நோயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள் என்று நீர் தொடங்க, அவ விளங்காமல் பார்த்தா.

"என்ன வருத்தம், டொக்டர்? ரத்தம் பழுதாப் போச்சு, அதுக்குத்தான் ஊசி எண்டு இவர் சொன்னவர்."

நீர் பேனையை மூடி வைத்தீர். நோயின் பெயர், அது தொற்றும் விதம், சுகமாகும் விதம் எல்லாவற்றையும் சுற்றி வளைக்காமல் சொன்னீர்.

"அதாலையோ பிள்ளை செத்தது?"

"ஓம்."

"நான் தையல் மெசின் மிதிச்சதாலை எண்டெல்லோ மாமி இண்டைக்கும் சொல்லுறா."

"மெசினாலை இல்லை. உங்களிலை ஒரு பிழையுமில்லை."

அவ அழவில்லை. கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தா. பிறகு சொன்னா: "எழுதுங்கோ. தையலையும் ஊரையும் எடுத்துவிடுங்கோ. ஆனா எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை எண்டதையும் எழுதுங்கோ."

நிபுணர் அதை விரும்பவில்லை. புருஷனுக்குச் சொன்னால் வீட்டுக்குச் சொன்னமாதிரித்தானே என்று தொலைபேசியில் கேட்டார். அந்த வரியை விட்டுவிடும்படி சஞ்சிகையின் செயற்குழுவும் சொன்னது. அந்த வரி இல்லாமல் கட்டுரை போகாது என்றீர். அவர் கட்டுரையைத் திருப்பி வாங்கிக்கொண்டார். இதழ் மெலிந்து வெளிவந்தது. அடுத்த வருடம் வேறு ஆசிரியர்கள் வந்தார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அவவை நீர் விடவில்லை. கணவனையும் கூப்பிட்டு வைத்தியம் செய்தீர். அடுத்த பிள்ளை பிறந்த அன்று வாட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு நேராக என் ஆய்வுகூடத்துக்கு வந்து, "நல்லாக் கத்தி அழுகுது" என்றீர். அவ்வளவுதான். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனீர்.

உமக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அதை உமது கணவரிடம் முதலில் சொல்லப் பார்த்தார்கள். "வருத்தம் எனக்கு. என்னட்டைச் சொல்லுங்கோ" என்று கேட்டுத் தெரிந்துகொண்டீர். அன்று பின்னேரம் நீரே எனக்கும் சொன்னீர்.

இப்போதெல்லாம் ஒரு பெண்ணுக்கு அப்படியொரு நோய் என்ற பரிசோதனை முடிவு என் கையெழுத்தோடு போனால், பிறகு நான் வாட்டுக்குத் தொலைபேசி எடுத்து, அவவுக்குச் சொன்னவையோ என்று கேட்கிறேன். சிலருக்கு எரிச்சல். போன கிழமை ஓர் இளம் வைத்தியர், "புருஷனை வரச் சொல்லியிருக்கிறன், டொக்டர்" என்றார்.

"அவ எங்கை?"

"இங்கைதான், வாட்டிலை."

"அப்ப தனிய ஒரு அறையிலை இருத்தி, அவவிட்டைச் சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு எனக்கு எடுங்கோ."

பின்னேரம் எடுத்தார். அவவிடம் சொல்லிவிட்டாராம்.