சாமி மேடையிலிருந்த வீடியோ டேப்

அண்ணி,

டேப்பின் உறையைத் திறந்ததும் முதலில் சாம்பிராணி வாசம்தான் வந்தது, பிறகு பூஞ்சை நாற்றம். உங்கள் வளைகாப்பு டேப். உங்கள் குரல் பதிவாகியிருந்தது இது ஒன்றில்தான்.

பிள்ளையைப் பெற்றுக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் போய்விட்டீர்கள். அதன் பிறகு அண்ணன் இதை யாரையும் போட்டுப் பார்க்க விடவில்லை. அம்மா சாமி மேடையில் உங்கள் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். கீழே விளக்கு; வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி. "எம் மருமவ இதுக்குள்ளதான் இருக்கா, யாரும் தொடாதீங்க" என்பார். நாங்களும் கும்பிட்டோம். அட கடவுளே, எங்களில் ஒருவருக்காவது புத்தி வேலை செய்ததா?

இப்போது உங்கள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. "அம்மா குரல ஒரு தடவ கேக்கணும் அத்தை" என்று அழுதாள். அண்ணன் மனம் இறங்கி டேப்பை எடுத்துக் கொடுத்தார். அவளும் நானும் குளுவாங்கிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஓடினோம். அங்கே பழைய டேப்புகளைக் கணினியில் ஏற்றித் தரும் கடை இருக்கிறது.

கடைக்காரர் டேப்பின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். "அலமாக்! சூட்டுல சுருங்கிப்போச்சு, புகை வேற ஒட்டியிருக்கு. தொடச்சு ஒரே ஒரு தடவ ஓட்டிப் பாக்கலாம்க்கா. அறுந்தா ஒன்னும் செய்ய முடியாது லா."

ஓட்டச் சொன்னேன். திரை முழுக்கக் கோடுகள். நடுவே நீங்கள் நாற்காலியில். நான் குனிந்து உங்களுக்கு வளையல் போடுகிறேன். என்னைப் பார்த்து வாயைத் திறக்கிறீர்கள். இரைச்சல், வெறும் இரைச்சல். "பேசுங்க அண்ணி, பேசுங்களேன்!" என்று கடையிலேயே கத்திவிட்டேன். டேப் அறுந்து திரை கறுத்துப்போனது.

"அம்மா என்ன சொன்னாங்க அத்தை?"

அது எனக்கு மறக்கவில்லை. "'போதும்டி, புள்ள பொறக்கறதுக்குள்ள என் கைய ஒடிச்சிருவ போல'ன்னாங்க."

அழுகைக்கு நடுவே சிரித்தாள். மறுபடி சொல்லச் சொன்னாள், சொன்னேன்.

"அம்மா இப்படித்தான் பேசுவாங்களா?"

"இதே மாதிரிதான்மா."

பொய், அண்ணி. பொந்தியான் சந்தையில் மீன்காரரிடம் நீங்கள் விலை பேசியது, சமையலறையில் என்னைத் திட்டியது, எல்லாம் ஒரு சொல் விடாமல் என்னிடம் இருக்கிறது. ஆனால் எதை நினைத்தாலும் என் குரலில்தான் கேட்கிறது.