டேங்க்கின் முதுகில் ஒரு வட்டம்

ஃப்ளெக்ஸ் மெஷின் ஓடும்போது கிளம்பும் மை வாடை உனக்கு ஆகாது. லீவில் வந்தால் கடைக்குள் நுழையவே மாட்டாய். "வெளிய வாடா, தலை சுத்துது" என்பாய். ராணுவத்தில் டீசல் புகையோடு டேங்க் ஓட்டுகிறவனுக்கு இந்த வாடை தாங்கவில்லை என்று நான் சிரிப்பேன். இன்று காலை அந்த வாடையோடு உன் முகம் அச்சாகி வெளியே வந்தது. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி.

ஆர்டர் கொண்டுவந்தவர் உன் சித்தப்பா. பென் டிரைவில் உன் சீருடைப் படமும் இணையத்தில் எடுத்த ஒரு டேங்க் படமும் இருந்தன. அந்த டேங்க் எந்த நாட்டுடையதோ, பக்கவாட்டில் புரியாத எழுத்து. அதைத் தூக்கிவிட்டு, மூலையில் ஒரு வட்டமும் அதற்குள் உன் வண்டி எண்ணும் வைத்தேன்.

"இது என்ன தம்பி, முட்டை?"

"அவன் ஸ்குவாட்ரன் குறிங்க. அவங்க படைப்பிரிவு டேங்க் மேல போடுறது."

"அதை யாரு பாக்கப்போறா? மேலயும் கீழயும் நம்ம கலர்ல கோடு போடுங்க. நம்ம ஆளுன்னு தெரிய வேணாமா?"

உங்கள் சாதிச் சங்கக் கொடியின் நிறங்கள். நான் அந்தச் சாதி இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

போன வருடம் முக்கொம்பில் மீன் வறுவல் தின்றுகொண்டே என் பைக் சீட்டின் தூசியில் நீ விரலால் வரைந்து காட்டினாய். முக்கோணம் 'ஏ' ஸ்குவாட்ரன், சதுரம் 'பி', வட்டம் 'சி'. உள்ளே இருக்கும் எண், அதில் எந்த வண்டி என்று சொல்லும். படைப்பிரிவின் சின்னம் தனியாக ஓர் ஓரத்தில்.

"டவுன் பஸ் நம்பர் மாதிரின்னு சொல்லு" என்றேன்.

"போடா. பாலைவனத்துல தூசி கிளம்பினா முன்னாடி போற வண்டி எதுன்னே தெரியாது. அது முதுகுல இருக்கிற வட்டத்தைப் பாத்துத்தான் போவோம். நிஜச் சண்டைன்னா அதையும் சேறு பூசி மறைச்சிடுவாங்க. எந்தப் படைன்னு எதிராளிக்குத் தெரியக்கூடாதுல்ல?"

"அங்க யாரும் என்ன ஆளுன்னு கேக்க மாட்டானா?"

"கேப்பான். எங்கதான் கேக்கல? ஆனா வண்டி மேல எழுத மாட்டான்."

அந்த லீவு முடிவதற்குள் மணப்பாறை ரோட்டில் லாரி மோதிப் போய்விட்டாய். செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பிணவறை வாசலிலேயே உங்கள் சங்கத்து ஆட்கள் கொடியோடு நின்றார்கள். உயிரோடு இருந்தபோது அவர்களில் ஒருவனையும் உன்னோடு பார்த்ததில்லை. அன்றும் எனக்கு அழுகை வரவில்லை.

இன்று சித்தப்பாவிடம், கோடு போட முடியாது என்றேன். முதலாளி உள்ளேயிருந்து கத்தினார்: "கஸ்டமர் கேட்டதைப் போடுப்பா, உனக்கென்ன?" சித்தப்பா சிரித்தார். நான் வெளியே வந்து உன் அம்மாவுக்கு போன் செய்தேன். அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதை வைத்தே சண்டை போடலாம் என்று நினைத்தேன்.

எல்லாவற்றையும் கேட்டார்.

"அவன் மூஞ்சிய பெருசா போடுப்பா. கோடு அவங்க இஷ்டம். அவன் போயிட்டான். நான் இந்தத் தெருவுலதானே இருக்கணும்?"

எனக்குக் கோபம்கூட வரவில்லை. உள்ளே போய் வட்டத்தை எடுத்துவிட்டேன். கோடுகளைப் போட்டேன். சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் உங்கள் தெருமுனையில் நானே ஏணி போட்டுக் கட்டினேன். கீழே நின்று சித்தப்பா, "வலது பக்கம் கொஞ்சம் ஏத்துங்க, கோடு மடங்குது" என்றார். ஏற்றிக் கட்டினேன்.

வட்டம் வைத்த, கோடு இல்லாத படம் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. "இடம் அடைக்குது, அச்சுக்குப் போகாததை எல்லாம் அழிச்சிடு" என்றார் முதலாளி. சரிங்க என்றேன். இன்னும் அழிக்கவில்லை.