சபாநாயகரின் தேநீர்

இன்று காலை பண்ணைக்காடு பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க்கடையில் நின்றிருந்தேன். தட்டிய இஞ்சியின் வாசம். தொலைக்காட்சியில் நேற்றைய மக்களவையின் மறுஒளிபரப்பு, நிதி ஒதுக்கீட்டு மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ இறந்த பிறகு தனியாகச் சிரிக்கப் பழகியிருக்கிறேன்.

கொடைக்கானல் கல்லூரியில் நாம் நடத்திய மாதிரி நாடாளுமன்றத்தில் நீதான் சபாநாயகர். வெளியே பனிமூட்டம், மேசையில் விடுதிச் சமையலக்கா போட்ட இஞ்சித் தேநீர். ஆளுங்கட்சித் தோழிகள் கை நீட்டினார்கள்.

"யாரும் தொடக் கூடாது," என்றாய். "சட்டம் போடாம கஜானாவுலேருந்து ஒத்தக் காசு எடுக்க முடியாது. சபை நடத்துற செலவுக்கும் அதேதான். இங்க டீதான் கஜானா. மசோதா நிறைவேறட்டும்."

சொல்லிவிட்டு நீ மட்டும் ஒரு தம்ளரை எடுத்து, சத்தம் வர உறிஞ்சினாய்.

"ஏய், இது அநியாயம்!"

"சபாநாயகர் சம்பளத்துக்கு ஓட்டெடுப்பு கெடையாது, புள்ள. இருந்தா இந்த டீயக் காட்டியே என்னைய மெரட்டுவீங்க."

நிதியமைச்சராக இருந்தவள் கோரிக்கையைப் படித்தாள்: உறுப்பினர்களுக்குத் தலைக்கு ஒரு தம்ளர். சமையலக்காவையும் வாசலில் குளிரில் நின்ற காவலாளி அண்ணனையும் மறந்துவிட்டாள். எதிர்க்கட்சியின் கடைசி நாற்காலியில் இருந்த நான் அதைக் கவனித்தேன். ஆனால் நான் வகுப்பிலேயே வாய் திறக்காதவள். நீ என்னையே பார்த்தாய். "உறுப்பினர் எந்திரிக்கிறாங்க," என்றாய், நான் எழுவதற்கு முன்பே.

"அவங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து..."

"கூட்டிக் கேக்க உறுப்பினருக்கு உரிமை இல்ல. கொறைக்கச் சொல்லலாம்."

குரலில் கண்டிப்பு. கண் மட்டும் என்னை உட்காரவிடவில்லை.

"அப்ப என்னோட தம்ளரைக் கொறைச்சிருங்க," என்றேன்.

சபை மேசைகளைத் தட்டித் தீர்த்தது. நிதியமைச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டு கோரிக்கையைத் திரும்பப் பெற்றாள். இரண்டு தம்ளர் கூட்டிப் புதிய கோரிக்கை கொண்டுவந்தாள்.

"வெரசா ஓட்டுப் போடுங்கம்மா, ஆறிக் கெடக்கு," என்றார் சமையலக்கா. நாம் எழுப்பிய "ஆம்" சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஆறிப்போன தேநீர்தான். அதைப்போல ஒன்றை நான் பிறகு குடித்ததில்லை.

இன்று பதினொரு மணிக்கு, பண்ணைக்காட்டை அடுத்த எங்கள் ஊரில் கிராம சபை. புதிய குடிநீர்க் குழாய்த் திட்டத்தில் மேட்டுத்தெரு விடுபட்டிருக்கிறது, யாரோ மறந்துவிட்டார்கள். நல்லவேளை, இங்கே கூட்டியும் கேட்கலாம். இப்போதும் கடைசி நாற்காலியில்தான் உட்காருவேன். ஆனால் நான் எழுவதற்கு முன்பே நீ அறிவித்துவிடுகிறாய். அப்புறம் எழாமல் எப்படி இருப்பது?