நேர்காணல் சொல்லிக்கொடுத்தவளுக்கு

அடியே, உன் கறுப்புக் கோட்டு இன்று காலை என் மேசைமேல் வந்து விழுந்தது. கல்லூரியில் பழைய அலமாரிகளைக் காலி செய்கிறார்கள். "டீச்சர், இதத் தூக்கிப் போட்டுறவா?" என்று உன் பழைய மாணவி தேவகி கேட்டாள். வேண்டாமென்று பிடுங்கி வைத்துக்கொண்டேன். அந்துருண்டை, முகப்பவுடர், எத்தனையோ பிள்ளைகளின் வேர்வை, எல்லாம் சேர்ந்து ஒரு வாடை. நேர்காணல் பயிற்சிக்கு வருகிற பெண்களிடம் நல்ல உடுப்பு இருக்காது என்று நீ வாங்கி மாட்டிய ஒரே கோட்டு அது. ஒருத்தி கழற்றிக் கொடுக்க, அடுத்தவள் அந்தச் சூட்டோடு மாட்டிக்கொண்டு உன் முன்னால் வந்து உட்காருவாள். முகர்ந்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. செத்தவர்கள்மேல் கோபப்படக் கூடாதாம். அந்த நல்ல குணமெல்லாம் எனக்குக் கிடையாது, உனக்கே தெரியும்.

லூனாசுக்குப் பக்கத்தில் ஒரே ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்து, கடைசியில் சுங்கைப்பட்டாணியில் ஒரே கடைவீட்டு மேல்மாடிக் கல்லூரியில் வந்து சேர்ந்தோம். நான் வயரிங் சொல்லித் தருபவள். நீ பிள்ளைகளை வேலைக்குத் தயார்ப்படுத்துபவள். அதற்குத் தனிப்பாடம் எதற்கு என்று ஆரம்பத்தில் நான் கிண்டல் செய்திருக்கிறேன். நீ சிரித்துவிட்டு, மேற்படிப்புக்காக அதையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டாய்.

கூலிம் பக்கமிருக்கிற தொழிற்சாலைகளில் ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினாய். எந்த வேலைக்கு என்ன திறமை வேண்டும், ஆள் எடுக்கும்போது எதைப் பார்க்கிறீர்கள், எதற்காக வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறீர்கள் என்று மேலாளர்களைக் கேட்டாய். சில நாள் நானும் உன் காரில் வந்தேன். ஒரு மேலாளர் குளுகுளு அறையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "மெஷின் ஓட்ட நாங்க சொல்லித் தந்துருவோம். மூஞ்சிய எப்படி வெச்சிக்கணும்னு எங்களால சொல்லித் தர முடியாது" என்றான். அதை நீ வேதவாக்கு மாதிரி பிடித்துக்கொண்டாய். திரும்பி வரும்போது கேட்டேன்: "அந்த மெஷின்ல நிக்கிற பொண்ணுங்கள ஒரு வார்த்தை கேட்டியா?" நீ ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமலே, "சம்பளம் குடுக்கிறவன்தான லா ஆள் எடுக்கிறான்" என்றாய். அன்று பாக்கார் ஆராங்கில் என் வீட்டு வாசலில் இறங்கி, கார்க் கதவை அறைந்து சாத்தினேன்.

ஆனால் ஒன்றை நீ சரியாகத்தான் கண்டுபிடித்தாய். நம் தோட்டத்துப் பிள்ளைகள் எங்கே தோற்கிறார்கள் என்று. பெரியவர்கள் முன்னால் கண்ணைத் தாழ்த்தி நிற்பது நமக்கு மரியாதை. மேலாளர்கள் அதற்குத் தன்னம்பிக்கை இல்லை என்று மார்க்கைக் குறைத்தார்கள். அதைவிட மோசம் இன்னொன்று. உனக்கு எந்த வேலை பிடிக்கும் என்று கேட்டால், "எந்த வேல குடுத்தாலும் செய்வேன் சார்" என்பார்கள். நம் அப்பா அம்மா காலம் காலமாக, கணக்கெழுதி வேலை பிரித்துக் கொடுக்கிற தோட்டத்துக் கிராணியிடம் சொன்னது. அதைச் சொன்னால் நல்ல பிள்ளை என்று எடுத்துக்கொள்வான் என்று நம் பிள்ளைகள் இன்னமும் நம்புகிறார்கள். கேட்கிறவன் காதில், இந்தப் பிள்ளைக்கு ஒரு குறிக்கோளும் இல்லை என்று விழுகிறது.

அந்த வாக்கியத்தை உன் வகுப்பில் சொன்னவர்களை நீ என்ன பாடு படுத்தினாய்! மற்ற பிள்ளைகள் பார்க்க எழுந்து வெளியே போய், மறுபடி கதவைத் தட்டி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கண், குரல், சிரிப்பு, உற்சாகம் என்று நீயே ஒரு மதிப்பெண் முறை வைத்திருந்தாய். தேவகிக்கு அப்போது அப்பா போய்ப் பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "உன்னைப் பத்திச் சொல்லு" என்றாய். "எங்கப்பா..." என்று ஆரம்பித்தவள் உடைந்து அழுதாள். நீ தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. "அழுகைக்கு மார்க் கெடையாது. அடுத்த ஆள்" என்றாய். நான் பக்கத்து லேபிலிருந்து ஓடிவந்து உன்னைத் திட்டினேன். மனுசியா நீ என்றேன். "இங்க அழுதுட்டுப் போவட்டும். அங்க போய் அழுதா யாரும் ரெண்டாவது தடவ கூப்பிட மாட்டான்" என்றாய். அந்தப் பெண் படிகளில் உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்ததை நான் மறக்கவே இல்லை.

சில வருடம் கழித்து உன் கருப்பையில் புற்று வந்தது. என்னிடம் மட்டும் சொன்னாய். மெலிந்துபோனதைக் கேட்டவர்களிடம் டயட் என்றாய், அவர்களும் எந்த டயட் என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார்கள். பாவிகள். அதே சமயத்தில் கல்லூரி கைமாறியது. ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் எல்லோரும் தங்கள் வேலைக்கே மறுபடி நேர்காணலுக்கு வர வேண்டுமென்றார் புது முதலாளி. நான் நிரந்தரம், தப்பித்தேன். நீ ஒப்பந்தம். வேலை போனால் தனியார் மருத்துவமனைச் செலவுக்குக் கல்லூரி கொடுத்த மெடிக்கல் கார்டும் போய்விடும், பாதியில் நிற்கிற வைத்தியமும் நின்றுவிடும். "அவங்ககிட்ட ஒடம்பு விசயத்தச் சொல்லிடுடி" என்று கெஞ்சினேன். "நோயாளிய எவன் எடுப்பான்? நீயும் வாயத் தொறக்காத" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாய்.

உன் உடுப்பெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டதால், அன்றைக்கு அந்தப் பிள்ளைகளின் கோட்டையே மாட்டிக்கொண்டு உள்ளே போனாய். நான் காரில் காத்திருந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தவள், பெல்ட்டைக்கூடப் போடவில்லை. நீயே சொன்னாய். உன் மதிப்பெண் முறையைத்தான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். முதலில் நன்றாகத்தான் போனதாம். பிறகு, இன்னும் ஐந்து வருடத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று கேட்டார்களாம்.

எத்தனை பிள்ளைகளுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் பழக்கியிருப்பாய். அப்போது பார்த்து உனக்கு வயிற்றில் அந்த வலி எழும்பியதாம். கண் தரைக்குப் போய்விட்டதாம். கடைசியில், "அபா கெர்ஜா பூன் போலே" என்றாயாம். எந்த வேலை என்றாலும் செய்வேன். உங்கப்பா கிராணியிடம் சொன்ன அதே மலாயில்.

"நானா இருந்தாலும் ஃபெயில்தான் போட்டிருப்பேன்" என்று சொல்லிச் சிரித்தாய். காரில் வைத்து உன்னை அறைந்திருப்பேன், உடம்பில் சதை இருந்திருந்தால்.

உன் இடம், உன் முன்னால் அழுத அதே தேவகிக்குப் போனது. தொழிற்சாலை அலுவலகத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் சில வருடம் இருந்துவிட்டு வந்திருந்தாள். நேராகப் பார்த்தாள், சிரித்தாள், ஐந்து வருடத் திட்டம் சொன்னாள். நீ பழக்கியது ஒன்றும் வீண் போகவில்லை. அது போதாதென்று, புது ஆளுக்குப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போங்கள் என்று வேறு உன்னிடம் சொன்னார்கள். நீயும் ஒழுங்காக வந்து சொல்லிக்கொடுத்தாய். நடுநடுவே கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு கிடந்துவிட்டு, முகம் கழுவி, சாயம் பூசி வந்தாய். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. "மிஸ் ரொம்ப ஸ்லிம்மாயிட்டீங்க" என்றாள். நீ நன்றி சொன்னாய்.

கார்டு போன பிறகு அரசாங்க மருத்துவமனைக்குத்தான் வந்தாய். வரிசையில் காத்து, பரிசோதனை எல்லாம் மறுபடி எடுத்து, வார்டில் கட்டில் கிடைத்தபோது உனக்குத் திரும்பிப் படுக்கக்கூட முடியவில்லை. அங்கே நர்சுகள் நல்லவர்கள்தான், ஆனால் தலைக்குமேல் வேலை. மருந்து கொடுக்கும் முன்னால் ஒவ்வொரு நோயாளியிடமும் வலி எவ்வளவு, பத்துக்கு எத்தனை என்று கேட்பார்கள். நீ தலையணையில் நிமிர்ந்து, அந்தச் சின்ன நர்சுப் பெண்ணின் கண்ணை நேராகப் பார்த்து, அழகாகச் சிரித்து, "ரெண்டு" என்றாய். போர்வைக்கு வெளியே உன் கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது. விரல் முட்டியெல்லாம் வெளுத்து, நகம் நீலம் பாரித்திருந்தது.

"பொய் சொல்றா! பத்து, பத்து போடுங்க" என்று நான் மலாயில் கத்தினேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். தலை கலைந்து, மூக்கு ஒழுகி, பிசாசு மாதிரி நின்றிருப்பேன். உன்னைப் பார்த்தாள். நீ இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாய். "தோழிக்கு ரொம்பக் கவலை" என்று அவளிடம் எனக்காக மன்னிப்பு வேறு கேட்டாய். அவள் உன்னைத்தான் நம்பினாள். ரெண்டு என்று எழுதிக்கொண்டு, சாதாரண வலி மாத்திரை இரண்டை வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு உன் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். ஏண்டி இப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன். "வேற மாதிரி பதில் சொல்ல வரல லா" என்றாய். அப்போதுதான் உன் கண்ணில் தண்ணீர் வந்தது. மறுநாளும் ரெண்டு என்றாய். அதற்கு மறுநாள் உன்னை எதுவும் கேட்க யாருக்கும் தேவைப்படவில்லை.

உன் பாடம் இன்னும் நடக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் தேவகி, "கண்ணப் பாரு, சிரி" என்று சொல்வது என் லேபில் கேட்கிறது. பிள்ளைகளுக்கு வேலையும் கிடைக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அங்கே முடிந்து அப்படியே என் வகுப்புக்கு வருகிறார்கள். எப்படி இருக்கீங்க என்று கேட்டால், எல்லோரும் நேராக என் கண்ணைப் பார்த்து, பளிச்சென்று சிரித்து, "நல்லா இருக்கோம் டீச்சர்" என்கிறார்கள். நான் அந்த முகங்களைப் பார்ப்பதில்லை. மேசைக்குக் கீழே குனிந்து, அவர்கள் கைகளைப் பார்க்கிறேன்.