லாபம் போக ஏழு

ஜூலை 16, புதன்

நான் டியூஷன் பிள்ளைகளை மண்ணில் விளையாட விடுவதாகத் தெருவில் பேசுகிறார்கள். அது மண் அல்ல, ரேஷன் அரிசி. அளவைப் பாடத்தை அளந்துதான் படிக்க வேண்டும்.

இன்று ஒரு படி அரிசியை ஒவ்வொருவராக ஆழாக்கால் அளந்தார்கள். எல்லோருக்கும் எட்டு வந்தது. மூன்றாம் வகுப்பு பூங்கொடி மட்டும் ஏழு என்று எழுதினாள். சிவப்பு மையில் தப்பு போட்டேன். அழுதுகொண்டே போய்விட்டாள்.

சாயங்காலம் அவள் அம்மா மல்லிகா, நடவு வேலை முடித்த கையோடு, வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா டீச்சரம்மா, மொத அளவு லாபம், அப்பறந்தான ஒண்ணு? எங்க மாமனாரு களத்துல அப்டித்தான் அளந்துகினு கீறாரு. அவரும் பெயிலா? நாளைலேர்ந்து பொண்ண அனுப்பல."

நெல் அளக்கிறவர்கள் ஒன்றுக்குப் பதில் லாபம் என்று தொடங்குவது எனக்கும் தெரியும். அடுத்தது இரண்டு என்றுதான் நினைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை எங்கள் களத்தில் எப்படி எண்ணினார்கள்? கான்வென்டில் படித்தவள் என்று ஒருநாளும் போய் நின்று கேட்டதில்லை. பூங்கொடி அளந்ததில் குறையே இல்லை. எப்படி எண்ணினாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

காலையில் பால்காரரிடம் கொடுத்தனுப்ப வேண்டியது:

"மல்லிகா, நான் போட்ட தப்பை அடித்துவிடுகிறேன். பூங்கொடி வந்து உங்கள் வீட்டு எண்ணிக்கையை எல்லோருக்கும் அளந்து காட்டட்டும். அனுப்புவாயா, மாட்டாயா? பதிலை அவள் கையாலேயே எழுதச் சொல்லி அனுப்பு."